பிளெக்ஸை இறக்குங்க மச்சான்

பெருமதிப்பிற்குரிய மச்சான் ஞானவேல் அவர்கள் சமூகத்திற்கு, மலைமேலிருந்து தங்கள் தங்கையின் கணவன் குமரகுரு வணங்கி எழுதிக்கொள்வது. இவ்விடம் சாரலும் குளிரும் குறைவின்றி உள்ளன. தங்கள் தங்கை நலம். அவளுடைய முழங்கால் வலியும் அப்படியே. அவ்விடம் தாங்கள், அக்கா, அத்தை, பஞ்சாமிர்தக் கடை யாவும் செழித்திருக்க மலைமேல் நிற்கும் தண்டாயுதபாணி துணை இருப்பாராக. நான் நலமா இல்லையா என்பதை இக்கடிதத்தைப் படித்து முடித்தபின் தாங்களே முடிவு செய்துகொள்ளவும்.

நிற்க. தாங்கள் பழனி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கட்டியிருக்கும் அந்தப் பிளெக்ஸை உடனே இறக்கிவிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். "மலைகளின் இளவரசியை ஆள வந்த துணை மேலாளரே, எங்கள் மாப்பிள்ளை குமரகுருவே, வருக வருக" என்று தாங்கள் போட்டது அன்பினால்தான், தெரியும். என் கல்யாணப் போட்டோவ எடுத்து, மீசைய மட்டும் கம்ப்யூட்டர்ல பெருசாக்கி, பக்கத்துல ஒரு சிங்கத்தையும் நிக்க வச்சிருக்கீங்க. சிங்கம் நல்லாத்தான் இருக்கு. அது வேணா இருந்துட்டுப் போகட்டும், என்னை மட்டும் எடுத்துருங்க. நான் துணை மேலாளர் ஆகல மச்சான். ஆகிட்டேன்னு உங்க தங்கச்சிகிட்ட சொன்னது நான்தான், அவ உங்ககிட்ட சொன்னா, நீங்க ஊருக்கே சொல்லிட்டீங்க. இதைப் போன்ல சொல்லலாம்னா உங்க தங்கச்சி காதத் தீட்டிக்கிட்டு பக்கத்துலயே நிக்கிறா. வாட்ஸப்புல போட்டா நீங்க பழக்கதோஷத்துல குடும்ப குரூப்புல தட்டி விட்டுருவீங்க. அதான் பேனாவ எடுத்தேன்.

நடந்தது என்னன்னா, நம்ம ரிசார்ட்ட பழைய முதலாளி கைமாத்தி விட்டுட்டார்ல, புதுக் கம்பெனிக்காரங்க ஹாலந்துல இருந்து ஒரு அம்மாவ மேனேஜரா அனுப்பி வச்சாங்க. பேரு ஆனெக்கே. வந்து இறங்குன அன்னிக்கே நான் சால்வையோட ஓடிப்போயி பெட்டியப் பிடிச்சேன், அந்தம்மா விடல, நானும் விடல, ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து பெட்டி திறந்து அதுல இருந்த உள்துணி எல்லாம் ரிசப்ஷன்ல விழுந்துச்சு. அதுல ஆரம்பிச்சது. என்னைய மேடம்னு கூப்பிடாதீங்க, ஆனெக்கேன்னு கூப்பிடுங்கன்னாங்க. மேலதிகாரிய எப்படி மச்சான் பேரச் சொல்றது, நாக்கு வருமா, "ஆனெக்கே மேடம்"னு கூப்பிட்டேன், சமாதானமா இருக்கட்டும்னு. அவங்க வந்தா நான் எந்திரிச்சு நிப்பேன், உக்காருங்கம்பாங்க, உக்காருவேன், அடுத்த அடி வைப்பாங்க, என் காலு தானா எந்திரிச்சுரும். காலைல மீட்டிங்கப் போட்டு, "இந்த வாரம் நான் என்ன தப்பு பண்ணேன், சொல்லுங்க"ன்னு கேட்டாங்க பாருங்க, எல்லாரும் ஆடிப் போயிட்டோம். ரூம்பாய் தங்கமுத்து மோட்டுவளையவே பாத்துக்கிட்டு இருந்தான். நான் எந்திரிச்சு, "நீங்க தப்பே பண்ணல மேடம், பண்ணவும் மாட்டீங்க"ன்னு சொன்னேன். அதுதான் இந்த வாரத்துல நான் கேட்ட முதல் பொய்யின்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னாங்க. அவங்க ஊர்ல அதுக்குப் பேரு மரியாதையாம்.

சாப்பிட்டா தட்ட அவங்களே கழுவப் போவாங்க. எனக்குப் பொறுக்குமா? பிடுங்கி நான் கழுவி வைப்பேன். அந்தத் தட்டுல என்ன கறி கெடந்துச்சுன்னு உங்களுக்கு எழுத மாட்டேன், நீங்க விரதம் இருக்கிற ஆளு. ஆனா எனக்கு ஒரு கூச்சமும் இல்ல, சோப்பு போட்டு, துடைச்சு, பளபளன்னு கவுத்தி வச்சேன். இத ஏன் சொல்றேன்னு பின்னால தெரியும்.

இப்ப டீ விசயத்துக்கு வர்றேன். சாயங்காலம் நாலு மணி ஆனா சமையக்கட்டுக்குப் பின்னால எல்லாருக்கும் டீ. ரிசப்ஷன், ரூம் சர்வீஸ், சமையல் ஆளுக எங்களுக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளர். தோட்டத்துல வேலை பாக்குறவங்களுக்கும் கக்கூஸ் கழுவுறவங்களுக்கும் பேப்பர் கப். அவங்க எல்லாம் பேத்துப்பாறைப் பக்கமிருந்து வர்றவங்க, காலனி ஆளுக. அந்த வார்த்தைய இப்ப எழுதக்கூடாதுங்கிறாங்க, வார்த்தையத்தான நாங்க விட்டோம். இப்படித்தான் குடுக்கணும்னு யாரும் சட்டம் போடல, நான் வேலைக்குச் சேரும்போதே அப்படித்தான் இருந்துச்சு, நான் அப்படியே ஓட்டிக்கிட்டு வந்தேன். அதுல பாருங்க, இந்த மலையில பேப்பர் கப்பே கூடாதுன்னு தடை. கீழ செக்போஸ்ட்டுல பையத் திறந்து பாப்பாங்க. நான் வத்தலக்குண்டுல வாங்கி, வெங்காய மூட்டைக்கு அடியில ஒளிச்சு, பயந்து பயந்து பஸ்ல கடத்திட்டு வருவேன். எவர்சில்வர் டம்ளர் கொடைக்கானல் பஜார்லயே கிடைக்கும், வாங்கிப் போட்டிருந்தா வேர்க்காம மலை ஏறியிருக்கலாம். ஒரு நாளும் அது தோணவே இல்ல மச்சான்.

ஆனெக்கே மேடம் ஒரு நாள் நாலு மணிக்கு அங்க வந்து நின்னு, கொஞ்ச நேரம் பாத்துட்டு, "ஏன் கொஞ்சப் பேருக்கு பேப்பர், கொஞ்சப் பேருக்கு ஸ்டீல்?"னு கேட்டாங்க. அங்க இங்கிலீஷ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்னு எனக்கு நெனப்பு. டக்குன்னு வாயில வந்தத சொல்லிட்டேன்: "மேடம், அது எங்க ஊர் வழக்கம். வெயில்லயும் மழையிலயும் கஷ்டப்படுறவங்களுக்கு தினமும் புதுக் கப். எங்களுக்கு எல்லாம் ஒருத்தர் குடிச்சத கழுவித்தான் அடுத்தவர் குடிக்கணும். அவங்களுக்கு அப்படி இல்ல, அது ஒரு மரியாதை." அந்தம்மா கண்ணு கலங்கிருச்சு. சத்தியமா கலங்கிருச்சு. ஒரு பேப்பர் கப்ப எடுத்துக்கிட்டு, "நானும் இங்க உக்காரலாமா?"ன்னு தோட்டத்தாளுககிட்ட கேட்டு, அவங்க பக்கத்துல தரையில சம்மணம் போட வராம கால நீட்டி உக்காந்துட்டாங்க. தோட்டத்து ஜோதிமணி என்னைய ஒரு பார்வை பாத்துச்சு. நான் வெங்காயத்த எண்ணுற மாதிரி உள்ள போயிட்டேன்.

பொய்ய அதோட விட்டிருப்பாங்கன்னு நெனச்சேன். இவங்க ஊருக்காரங்க எதையும் அதோட விடுறதில்ல. கம்பெனிக்கு எழுதிட்டாங்க. கடைசியில இருக்கிறவங்களுக்கு முதல் மரியாதை குடுக்கிற தலைமைய நான் மலையில வந்துதான் பாத்தேன், குமரகுருவுக்கு கம்பெனி விருது குடுக்கணும், துணை மேலாளர் பதவியும் அவருக்குத்தான், பின்னால இருக்கிற ஓட்டு வீடும் அவருக்குன்னு. பாகுபாடு இல்லாத தலைவர்னு சர்டிபிகேட்டே அடிச்சு வந்துருச்சு மச்சான், பொன்னிறத்துல. உங்க தங்கச்சி இந்த ஓதம் பிடிச்ச வாடகை வீட்டுல முழங்கால நீவிக்கிட்டு கெடக்கிறாள்ல, அந்த ஓட்டு வீட்டுல வெயில் நல்லா விழும். அத நெனச்சு வாய விட்டுட்டேன். அவ உடனே உங்களுக்குப் போனப் போட்டுட்டா. விழாவுக்கு முன்னாடியே நீங்க சிங்கத்த நிக்க வச்சுட்டீங்க.

விழா புல்வெளியில. நாற்காலி போட்டு, ரோஜாப்பூ வச்சு, எல்லாரும் வந்து உக்காந்தாச்சு. ஆனெக்கே மேடம் பேசுனாங்க, நான் தமிழ்ல சொன்னேன். என்னையப் பத்தி அவங்க சொன்ன புகழ்ச்சிய எல்லாம் நானே வாயால சொல்ல வேண்டி வந்துச்சு, குறைச்சுத்தான் சொன்னேன், அந்த அளவுக்கு வெக்கம் இருந்துச்சு. அப்புறம் மேடம், "இந்த மரியாதைய வாங்குனவங்கள்ல ஒருத்தர் சர்டிபிகேட்டக் குடுக்கட்டும், ரெண்டு வார்த்த பேசட்டும்"னு சொல்லி ஜோதிமணியக் கூப்பிட்டாங்க. ஜோதிமணி முந்தானைய இழுத்துச் செருகிக்கிட்டு வந்துச்சு. சர்டிபிகேட்ட ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, சத்தம் போடாம, அவசரப்படாம பேசுச்சு. "பேசச் சொன்னீங்க, பேசுறேன். நாங்களே டம்ளர் வாங்கியாறோம், நாங்களே கழுவி நாங்களே வச்சுக்கிறோம், எங்களுக்கும் டம்ளர்ல ஊத்துங்கன்னு குமரகுரு சார்கிட்ட கேட்டோம். சமையக்கட்டுல கவுத்தி வைக்க இடம் இல்லன்னு சொன்னாரு. ஆனா உங்க எச்சித் தட்ட அவரே கழுவி அதே இடத்துலதான் கவுத்தி வைக்கிறாரு. அது எப்படின்னு அவருகிட்டயே கேட்டுச் சொல்லுங்க."

மேடம் சிரிச்ச முகத்தோட என்னையப் பாத்து, "என்ன சொன்னாங்க?"ன்னு கேட்டாங்க. எனக்கு வேர்த்து ஊத்துது, இந்தக் குளிர்லயும். "ஷி இஸ் வெரி ஹேப்பி"ன்னேன். மேடம் கை தட்டுனாங்க. ஜோதிமணி நகரல. "சொல்லிட்டீங்களா சார்?"ன்னு கேட்டுச்சு. "சொல்லிட்டேம்மா." "அம்புட்டையுமா?" "அம்புட்டையும்." "அவ்ளோ பேசுனேன், இங்கிலீஷ்ல இத்துனூண்டுதான் வருமா?" அவ்வளவுதான், தங்கமுத்துல இருந்து தோட்டத்துக் கடைசி ஆளு வரைக்கும் குபீர்னு சிரிச்சுட்டாங்க. ஏலே சிரிக்காதீங்கடான்னு அதட்டுறேன், இன்னும் சிரிக்கிறாங்க. மேடத்துக்கு ஒண்ணும் புரியல, அவங்களும் சேந்து சிரிக்கிறாங்க.

அப்பத்தான் பின்னாலருந்து நம்ம சமையல் மாஸ்டர் இப்ராம்சா பாய் கரண்டியோட எந்திரிச்சார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னுதான் நான் இத்தன வருசமா அவரு முன்னாடி எல்லாம் பேசிக்கிட்டு இருந்தேன். மனுசன் சின்ன வயசுல பஜார்ல அவங்க அத்தா கடையில நின்னு, மிஷன் பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரங்களுக்கு சாமான் வித்தவராம். மணி மணியா எடுத்து விட்டார். ஜோதிமணி சொன்னத ஒரு வார்த்த விடாம சொல்லிட்டு, கடைசியில, "டீ ஊத்துனது நான்தான் மேடம், எனக்கும் இதுல பங்கு உண்டு"ன்னு அவரு பாட்டுக்குத் தலையக் குனிஞ்சுக்கிட்டார். நான் குனியலையேன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அதுக்கப்புறம் குனிஞ்சா பாயப் பாத்து குனிஞ்ச மாதிரி ஆயிருமேன்னு விறைச்சுக்கிட்டு நின்னேன்.

மேடம் கத்துவாங்கன்னு எதிர்பாத்தேன். கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும் மச்சான், கத்துற முதலாளிய எனக்குப் பழக்கம், கையக் கட்டிக்கிட்டு நின்னா ஓஞ்சு போயிரும். இவங்க கத்தல. "நீங்க என்கிட்ட பொய் சொன்னீங்க. அந்தக் கப்ப வாங்குனவங்க முன்னாடியே உங்கள நான் பாராட்டும்படி பண்ணீங்க. எனக்கு வெக்கமா இருக்கு, உங்களுக்கு?"ன்னு கேட்டுட்டு, பதிலுக்கு நின்னாங்க. சும்மா பேச்சுக்குக் கேக்கல, நிசமாவே பதில் வேணும்னு நிக்கிறாங்க. எனக்கு நம்ம பழைய முதலாளி ஞாபகம் வந்துச்சு. என்னைய அறை வாசப்படியத் தாண்ட விடாம நின்னபடிக்கே பேச வைப்பாரே, உங்க ஆளுக மேல ஒரு வாடை அடிக்குதுன்னு சொன்னாரே, அன்னிக்கு நான் உங்களுக்குப் போனப் போட்டு அழுதேன், அவனெல்லாம் மனுசனான்னு நீங்களும் காறித் துப்புனீங்க. அன்னிக்கு சாயங்காலமும் நான் பேப்பர் கப்புலதான் தோட்டத்தாளுகளுக்கு டீ குடுக்கச் சொல்லியிருப்பேன். புல்வெளியில வச்சு அந்த நெனப்பு வந்ததும் பூமி பிளக்காதான்னு இருந்துச்சு. "யெஸ் மேடம்"னு மட்டும் சொன்னேன்.

வேலைய விட்டு எடுக்கல. துணை மேலாளர் பதவி இல்ல, ஓட்டு வீடு இல்ல, சர்டிபிகேட்ட மேடமே வாங்கி மடிச்சு வச்சுக்கிட்டாங்க. ஜோதிமணிய தோட்டத்துக்கு லீடர் ஆக்கிட்டாங்க, இப்ப காலை மீட்டிங்ல எனக்கு அடுத்த நாற்காலி அதுக்குத்தான். நான் என்ன தப்பு பண்ணேன்னு மேடம் கேட்டதும், அது விரல மடக்கி மடக்கிச் சொல்லுது. பாய் இங்கிலீஷ்ல சொல்லச் சொல்ல மேடம் எழுதிக்கிறாங்க. பேப்பர் கப் கூடாது, எல்லாருக்கும் டம்ளர், அவங்கவங்க குடிச்சத அவங்கவங்க கழுவணும்னு உத்தரவு.

அன்னிக்குத்தான் எனக்கு கேஸ் டிரபிள் வந்துச்சு. டாக்டர் டீ குடிக்கக் கூடாதுன்னுட்டார்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். எந்த டாக்டர்னு இப்ராம்சா பாய் கேட்டார், பெரிய டாக்டர்னு சொன்னேன். நாலு மணி ஆனா எல்லாரும் டம்ளரும் கையுமா சிரிச்சுக்கிட்டு நிப்பாங்க, நான் தலைவலியோட கேட் பக்கம் போயி வெறும் ரோட்டப் பாத்துக்கிட்டு நிப்பேன். பொறுக்க முடியாம சோலி இருக்குன்னு சொல்லிட்டு பஜாருக்கு ஓடுவேன், அங்க டீக்கடையில கண்ணாடி கிளாஸ்ல குடிப்பேன். அந்த கிளாஸ பக்கெட்டுத் தண்ணியில ஒரு முக்கு முக்கி எடுத்து ஊத்துறான், ஊர்பட்ட டூரிஸ்ட்டும் லாரிக்காரனும் வாய் வச்ச கிளாஸு. யார் குடிச்சதுன்னு நான் ஒரு நாளாவது கேட்டேனா? ரெண்டாவது டீ சொன்னேன் மச்சான், பிஸ்கட்டோட.

ஒரு நாள் மழை வெளுத்து வாங்குது, பஜாருக்குப் போக வழியில்ல. சமையக்கட்டுத் தாழ்வாரத்துல ஒதுங்கி நின்னேன். ஜோதிமணி டம்ளர்ல ஊத்தி எல்லாருக்கும் குடுத்துட்டு, என் பக்கத்துல வந்து, "சாருக்கு மட்டும் எடுத்து வச்சிருக்கேன்"னு ஒரு பேப்பர் கப்ப நீட்டுச்சு. நான் வெங்காயத்துக்கு அடியில கடத்திட்டு வந்தேனே, அந்தக் கப்புல மிஞ்சுனது. "மரியாதைக்கு சார், புதுக் கப்பு"ன்னுச்சு. மூஞ்சில சிரிப்பு இல்ல. யாரும் சிரிக்கல. எல்லாரும் டம்ளர் வச்சிருக்காங்க, நான் ஒருத்தன் மட்டும் பேப்பர் கப்போட ஓரமா நிக்கிறேன். வாங்கிக்கிட்டேன், என்ன செய்ய. கை சுடுது, பிடிக்க விளிம்பு இல்ல, குடிச்சு முடிச்சதும் அத எங்க வைக்கிறதுன்னு தெரியாம கசக்கிப் பையில போட்டுக்கிட்டேன். இத்தன வருசம் அவங்க என்ன செஞ்சாங்களோ, அதையேதான் நானும் செஞ்சிருக்கேன். வீட்டுக்கு வந்து உங்க தங்கச்சி சட்டையத் துவைக்க எடுத்து, பையில என்ன இதுன்னு கேட்டா. அழுகை வந்துருச்சு மச்சான், சளின்னு சொல்லி சமாளிச்சேன்.

மறுநாள் நாலு மணி ஆனதும் நானா ஒரு டம்ளர எடுத்தேன். யாரு குடிச்ச டம்ளர்னு கேக்கல. குடிச்சேன், கழுவுனேன், கவுத்தி வச்சேன். டீ டீயாத்தான் இருந்துச்சு, பாய் எப்பவும் போல சக்கரைய அள்ளிப் போட்டிருந்தார். ஒரு டம்ளர் டீ குடிக்க இத்தன அவமானப்பட்டவன் இந்த மலையில வேற எவனாவது இருப்பானா தெரியல. ஆனா மாறிட்டேன். அந்தப் பழைய குமரகுரு இல்ல நான், என் மனசுல இப்ப ஒரு வித்தியாசமும் இல்ல, இத நீங்க நம்பலாம்.

ஆகவே மச்சான் அவர்கள் பெரிய மனது பண்ணி, இக்கடிதம் கண்டதும் பிளெக்ஸை இறக்கி, உறவினர் எவரேனும் கேட்டால் காற்றில் கிழிந்துவிட்டது என்று சொல்லவும். தங்கள் தங்கையிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். அத்தைக்கு என் நமஸ்காரம். கடையில் தேனும் பழமும் குறையாமல் பெருக, என் குடும்பத்தில் மானம் இருக்கிற அளவாவது மிஞ்ச, ஆறுமுகன் அருள் புரியட்டும்.

தங்கள் அன்புள்ள,
குமரகுரு

பின்குறிப்பு: கடிதத்த உங்க கையில குடுத்துட்டு நிக்கிறவங்கதான் ஜோதிமணி. அவங்க தங்கச்சி பிள்ளைக்கு மொட்டை போட பழனி வர்றாங்க, தபாலவிட வெரசா சேரும்னு நான்தான் குடுத்து விட்டேன். பஸ்ஸ விட்டு இறங்குனதும் அவங்க முதல்ல பாக்கப் போறது அந்தப் பிளெக்ஸைத்தான்னு கடிதத்த மடிக்கும்போதுதான் தோணுது. பாத்தாச்சு, இனி இறக்கி என்ன. பையில காரட்டும் பேரிக்காயும் இருக்கு, வாங்கிக்கோங்க. அவங்கள வாசல்ல நிக்க வச்சிராதீங்க, உள்ள கூப்பிட்டு நாற்காலி போட்டு, வீட்டு டம்ளர்ல காப்பி குடுங்க. இதுக்குக் கீழ ஒரு வரி எழுதி அடிச்சிருக்கேன், அத வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் படிக்காதீங்க. படிச்சிருப்பீங்க, உங்களத் தெரியாதா, நானே சொல்லிர்றேன்: "அவங்க போனதும் அந்த டம்ளரத் தனியா எடுத்து வச்சிருங்க, அத்தைக்குத் தெரிய வேண்டாம்." யோசிக்காமத்தான் எழுதுனேன் மச்சான், கை பாட்டுக்கு எழுதிருச்சு. அந்த வரிய நான் அடிச்சிட்டேன். மாறிட்டேன்னு மேல ஒரு இடத்துல எழுதியிருக்கேன் பாருங்க, அத நீங்க அடிச்சிருங்க.